பழைய பற்றரியில் கேட்க வேண்டிய அல்பம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எந்தக் குழுவின் பெயரையும் நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் சண்டைக்கு ஆள் வரும். ஒருமுறை கல்முனை பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெடியனின் ரீசேட்டில் ஒரு றொக் குழுவின் படத்தைக் கண்டு, வாய் சும்மா இருக்காமல், "தம்பி, ரெண்டாவது அல்பத்தோட இவங்கட கதை முடிஞ்சிது" என்று சொல்லிவிட்டேன். குருக்கள்மடத்தில் இறங்க வேண்டியவன், இறங்காமல் என்னோடு வாதாடிக்கொண்டே களுவாஞ்சிக்குடி வரைக்கும் வந்தான். நானும் ஒரு அங்குலம் விட்டுக்கொடுக்கவில்லை.

எனக்கு றொக் இசையில் அபிப்பிராயங்கள் உண்டு. கொஞ்சநஞ்சம் இல்லை. முதலாவது அல்பத்தைப் பசியோடு வாசிப்பார்கள். இரண்டாவதைச் சாப்பிட்டுவிட்டு வாசிப்பார்கள். மூன்றாவதில் வயலின்காரர் இருபது பேரைக் கூட்டிவந்து பின்னால் இருத்துவார்கள். வயலின் வந்ததென்றால் அந்தக் குழு சரி, ஆள் முடிந்தது. ட்ரம்ஸ்காரர் தனியே பத்து நிமிசம் அடித்து முழக்குவதும், திருவிழாவில் நிர்வாகசபைத் தலைவர் மைக்கைப் பிடிப்பதும் எனக்கு ஒன்றுதான். ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள், ஆனால் கேட்டே ஆக வேண்டும். இன்னொன்று, எந்த முரட்டுக் குழுவும் அல்பத்துக்கு ஒரு மெதுவான காதல் பாட்டு வைத்தே தீரும். அது பெண் பிள்ளைகளுக்காம். நானும் பெண் பிள்ளைதான், எனக்கு வேண்டாம். அந்தப் பாட்டு வருகிற நேரம்தான் எழும்பிப் போய் மாட்டுக்குத் தண்ணி வைப்பேன்.

இவ்வளவு வாய் பேசுகிற நான், ஒரே ஒரு அல்பத்தைப் பற்றி ஏழெட்டு வருசம் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்த அபிப்பிராயம் முழுப் பிழை. அந்தப் பிழையால்தான் கடைசியில் ஒரு நல்லதும் நடந்தது.

எங்கள் வீடு வவுணதீவுப் பக்கம், வாவிக்கு மேற்கே. சுற்றிவர வயல், இரவில் குப்பி விளக்கு. கரண்ட் என்பது பாலம் தாண்டி நகரத்துக்குப் போனால் கண்ணால் பார்த்துவிட்டு வருகிற சாமான். நகரத்துப் பள்ளிக்கூடத்தில் எனக்கு வாய்த்த சிநேகிதி நாவலடிக்காரி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் இருக்கிற மணலில் அவளுடைய வீடு. அவளுக்கு அப்பா இல்லை. அம்மா முன்னறையில் தையல் மெசினைப் போட்டு ஊருக்கெல்லாம் சட்டை தைத்துக் கொடுப்பார். நான் அவரை மாமி என்பேன். கப்பலில் வேலை செய்த ஒரு சித்தப்பா இருந்தார். அவர் கொண்டுவந்து கொடுத்த இங்கிலிஷ் கசெற்றுகள்தான் எங்கள் இருவரையும் கெடுத்தன.

அவளிடம் கரண்டில் பாடுகிற பெரிய றேடியோ இருந்தது. ஆனால் அதில் பதிய முடியாது. எங்கள் அப்பாவின் சின்ன றேடியோவில் பதியலாம். நாலு பற்றரி போட்டால் போதும். ஆகவே நான் அதைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு நாவலடிக்குப் போவேன். இரண்டையும் மேசையில் மாப்பிள்ளை பொம்பிளை மாதிரி முகத்துக்கு முகம் வைப்போம். ஜன்னலைச் சாத்துவோம். அதில் பாடவிட்டு, இதில் பதிய அமத்திவிட்டு, இருவரும் நாற்பத்தைந்து நிமிசம் வாயை மூடிக்கொண்டு இருப்போம். இருமல் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைக்க வேண்டும். அதுதான் சட்டம்.

சட்டம் எங்களுக்குத்தான், மாமிக்கு இல்லை. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு தடவையாவது அவருடைய குரல் உள்ளே விழும். "எண்ட கடவுளே, இதென்ன பாட்டா, பேய்க்குப் பல்லுப் புடுங்குறாங்களா?" என்று ஒரு கசெற்றில். "ரெண்டு பேருக்கும் தேத்தண்ணி ஊத்தட்டா?" என்று இன்னொன்றில், அதுவும் பாடகர் மூச்சடக்கி இரகசியம் பேசுகிற மாதிரிப் பாடுகிற இடத்தில். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உலகத்திலேயே உன்னதமான கிற்றார் துண்டு வரப்போகிற நேரம் பார்த்து, "சோறு ஆறுது" என்று சத்தம் வந்தால் ஒரு இரசிகையின் மனம் என்ன பாடுபடும்? அப்படி மூன்று கசெற் பதிந்தோம். மூன்றிலும் மாமி இருந்தார்.

இனிப் பற்றரிக் கதை. அந்தக் காலம் வாவிக்கு மேற்குக் கரை இயக்கத்தின் கையில் இருந்ததால், அங்கே பற்றரி கொண்டுபோகத் தடை. பாலத்தடியில் ஆமிக்காரர் ஒருவர் என் றேடியோவை வாங்கி, பட்டனை அமத்திப் பாட்டைக் கேட்பார். பாட்டுத் துள்ளினால் பற்றரி நல்லது என்று அர்த்தம், கழற்றி எடுத்துவிடுவார். இழுத்தால் சிரித்துவிட்டு, "ஹரி, ஹரி, யன்ன" என்று சிங்களத்தில் போகச்சொல்லிக் கையைக் காட்டுவார். ஆகவே பாதி செத்த பற்றரிதான் பாலம் தாண்டும், நானும் அதையேதான் போட்டுத் திரிவேன். வீட்டுக்கு வந்ததும் நாலையும் முற்றத்தில் வெயிலில் அடுக்குவோம். மிளகாய் ஒரு பக்கம் காயும், பற்றரி ஒரு பக்கம் காயும். காய்ந்தால் கொஞ்சம் உயிர் வரும்.

கோடையில் நல்ல வெயில், நான் முதலில் சொன்ன அந்த அல்பம் குதிரை மாதிரி ஓடும். மாரியில் வெயில் ஏது? நாலு பற்றரியும் ஈரத்தில் கிடந்து சோரும். பாடகரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வரும், கிற்றார் ஒவ்வொரு நரம்பாக அழும். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? மகா கலைஞர்களின் இசை பருவத்தோடு சேர்ந்து மாறும் என்று நினைத்தேன். சத்தியமாகத்தான். மாரிக்காலத்து அல்பம்தான் உண்மையான அல்பம், அது மனிதத் துயரத்தின் ஆழம் என்று கொப்பியில் நாலு பக்கம் எழுதி அவளிடம் கொடுத்தேன்.

"உனக்கு விசராகா? இது துள்ளுற பாட்டு. கலியாண வீட்டில போட்டாக் கிழவனும் ஆடுவான்" என்றாள் அவள்.

"நீ மேலால கேக்கிறாய். அடியில எவ்வளவு சோகம் இரிக்கு."

"ஒரு சோகமும் இல்ல. போய்க் காதக் கழுவிப்போட்டு வா."

சமாதான காலம் வந்தது. நகரத்தில் ஒரு பாட்டுப் பதிகிற கடையில் புதிய மெசின் இறக்கினார்கள், சீடியும் வந்தது. பதிந்த அன்று இருமலை அடக்குவதிலேயே என் கவனம் போயிருந்தது, அங்கேதான் அந்த அல்பத்தை முதன்முதலாகச் சரியான வேகத்தில் காது கொடுத்துக் கேட்டேன். துயரமும் இல்லை, ஆழமும் இல்லை. காலால் தாளம் போடவைக்கிற ஒரு கலகலப்பான அல்பம், அவ்வளவுதான். அதைவிடக் கேவலம் இன்னொன்று. நாலாவது பாட்டில் ட்ரம்ஸுக்குப் பின்னால் பொடிப்பொடியாய் ஒரு கடகடப்பு வரும். கிற்றார் தொடங்குவதற்குச் சற்று முன்னே அது சட்டென்று நிற்கும். அந்த நிறுத்தத்தில்தான் அந்த ட்ரம்ஸ்காரரின் மேதைமை இருக்கிறது என்று நான் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். சீடியில் அது இல்லவே இல்லை. அது மாமியின் தையல் மெசின். எங்களைக் கூப்பிடுவதற்காக மாமி மிதியிலிருந்து காலை எடுத்திருக்கிறார், மெசின் நின்றிருக்கிறது.

போய்ச் சொன்னபோது அவள் நிலத்தில் உருண்டு சிரித்தாள். மாமி ஊசியை வாயில் வைத்துக்கொண்டே, "அடுத்த அல்பத்துக்கு என்னையும் கூப்பிடச் சொல்லு புள்ள, நான் வாறன்" என்றார்.

எனக்கு வெட்கம் தாங்கவில்லை. இனிச் சுத்தமான இசைதான் கேட்பேன் என்று சபதம் எடுத்து, என்னிடம் இருந்த மூன்று கசெற்றையும் அந்தக் கடைக்குக் கொண்டுபோய், அவற்றின் மேலேயே சீடியிலிருந்து திரும்பப் பதியக் கொடுத்தேன். இரண்டைப் பதிந்து தந்தார்கள். மூன்றாவதில் முடியாது என்றார்கள். சித்தாண்டித் திருவிழாவில் பாட்டுப் பதிய அப்பா கசெற் தேடித் திரிந்தபோது, இதில் கைவைத்துவிடுவாரோ என்று பயந்து அதன் முதுகில் இருக்கிற இரண்டு பிளாஸ்ரிக் துண்டையும் நானே உடைத்திருந்தேன். உடைத்தால் மேலே பதியாது. அது அந்த அல்பம் இருந்த கசெற். சலிப்போடு வாங்கிவந்து தகரப் பெட்டிக்குள் போட்டேன்.

பிறகு கடல் வந்தது.

அன்று காலை மாமி தைத்து முடித்த சட்டைகளைக் கோட்டைமுனையில் ஒரு வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வரச்சொல்லி அவளை அனுப்பியிருந்தார். அவள் போனாள், உயிரோடு இருக்கிறாள். மாமி மெசினடியில் இருந்தார். வீடு இருந்த இடத்தில் கிணற்றுக்கட்டு மட்டும் மிஞ்சியது. மூன்றாம் நாள் ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையில் அவளைக் கண்டுபிடித்தேன். யாரோ கொடுத்த பெரிய சட்டையைப் போட்டுக்கொண்டு வாங்கில் இருந்தாள். நான்தான் அழுதேன். அவள் என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

சில மாதங்களுக்குப் பிறகு, கடலால் வீடு போனவர்களுக்குக் கொடுத்திருந்த தகரக் கொட்டிலில் வைத்துக் கேட்டாள்.

"அம்மாட படம் ஒண்டும் இல்லடி. முகம் நினைவு இரிக்கு. குரல்தான் வருகுதில்ல. எவ்வளவு யோசிச்சாலும் வருகுதில்ல. உன்னட்ட அந்தக் கசெற் மூண்டும் இரிக்குதானே?"

"ஓம், இரிக்கு" என்றேன்.

"கொண்டு வாவன்."

"நாளைக்குக் கொண்டு வாறன்."

நான் கொண்டுபோகவில்லை. வெட்கக்கேடு, ஆனால் சொல்லத்தான் வேண்டும். ஒன்றைக் கொண்டுபோனால் மற்ற இரண்டும் எங்கே என்று கேட்பாள். உன் அம்மாவின் குரல் எனக்கு இடைஞ்சலாக இருந்தது, அதனால் அழித்தேன் என்று எந்த வாயால் சொல்வது? றேடியோ பழுது என்றேன். பெட்டித் திறப்பைக் காணவில்லை என்றேன். அவள் இரண்டு மூன்று தடவை கேட்டுப் பார்த்துவிட்டுக் கேட்பதை விட்டுவிட்டாள். நான் பொய்யாய்ச் சொன்ன பழுதும் உண்மையாகிவிட்டது, றேடியோ ஒருநாள் சுழலாமல் நின்றுபோனது. அதையும் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். அதற்கிடையில் சமாதானமும் முடிந்தது. மேற்குக் கரையில் செல் குண்டு விழத் தொடங்கியபோது உடுத்த உடுப்போடு ஓடினோம். பெட்டி வீட்டோடு கிடந்தது. அகதி முகாமில் படுத்திருந்து நான் யோசித்தது வீட்டைப் பற்றி இல்லை, அந்தக் கசெற்றைப் பற்றித்தான். இருக்கிற ஒன்றையும் என் பயத்தால் தொலைத்துவிட்டேன் என்று என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்தபோது கூரை இல்லை. ஒரு பக்கச் சுவர் பெட்டியின் மேலே விழுந்து கிடந்தது. அது விழுந்ததால்தான் ஒருவரும் அதைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. உள்ளே கசெற் இருந்தது, அப்பாவின் றேடியோவும் இருந்தது. ஏறாவூரில் றேடியோ திருத்துகிற ஒரு முஸ்லிம் நானாவிடம் கொடுத்தேன். அவர் புழுதியை ஊதிவிட்டு, "இத ஆராச்சும் திருத்துவாங்களா தங்கச்சி? சரி, வெச்சிட்டுப் போங்க" என்றார். உள்ளே இருந்த றப்பர் வாரை மாற்றித் தந்தார், சுழன்றது.

அதற்குள் நாடு முழுக்கச் சண்டை முடிந்துவிட்டது என்று அறிவித்தார்கள். பாலத்தடியில் இப்போது ஒருவரும் மறிப்பதில்லை. எங்கள் ஊருக்குக் கரண்ட் கம்பியும் இழுத்தார்கள். ஒரு சனிக்கிழமை காலை வரச்சொல்லி அவளுக்கு ஆள் அனுப்பினேன், வந்தாள். நாலு புதுப் பற்றரி போட்டு, நாலாவது பாட்டில் வைத்து, பட்டனை அமத்தினேன்.

பாட்டு அணில் ஓடுகிற மாதிரி ஓடியது. மெசின் கிறுகிறுத்து நின்றது. அதற்குப் பிறகு வந்த குரல் ஒரு ஐந்து வயதுப் பிள்ளையின் கீச்சுக்குரல். என்ன சொல்கிறது என்றுகூட விளங்கவில்லை.

அவள் முதலில் சிரித்தாள். பிறகு முகம் மாறியது.

"இது அம்மா இல்ல" என்றாள். "மற்ற ரெண்டையும் போடு."

இனி ஒளிக்க இடமில்லை.

"அழிச்சிட்டன்" என்றேன். "மாமிட குரல் இடைஞ்சல் எண்டு நான்தான் அழிச்சிட்டன். உனக்குச் சொல்லப் பயம். அதுதான் இவ்வளவு நாளும் பொய் சொல்லித் திரிஞ்சன்."

ஏசுவாள் என்று நினைத்தேன், ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"எனக்கும் இடைஞ்சலாத்தான் இருந்ததுகா" என்றாள் மெல்ல. எழும்பிச் செருப்பைப் போட்டாள்.

அந்த நேரம்தான் என் மரமண்டைக்கு எட்டியது. பதிந்தபோது என் றேடியோவில் இருந்தது பாதி செத்த பற்றரி. கசெற் மெதுவாய்ச் சுற்றியிருக்கிறது. இப்போது புதுப் பற்றரியில் ஓடவிட்டால் எல்லாம் கீச்சிடத்தானே செய்யும்? அதே அளவு செத்த பற்றரி வேண்டும்.

"போகாத. இரி. பத்து நிமிசம்" என்று அவளைப் பிடித்து இருத்திவிட்டுச் சைக்கிளை எடுத்தேன்.

ஒரு காலம் நல்ல பற்றரிக்காக நாயாய் அலைந்த ஊரில் அன்று நான் செத்த பற்றரிக்கு அலைந்தேன். கடைக்காரரிடம் போய், "அண்ணன், பாவிச்ச பற்றரி இரிக்கா? நல்லாச் செத்ததும் வேணாம், நடுத்தரமாச் செத்தது" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "புள்ளைக்கு உடம்புக்கு ஏதும் சரியில்லையா?" என்றார். வீடு வீடாய்ப் போய் ரோச்லைற்றுகளைக் கழற்றினேன். பத்து நிமிசம் என்று போனவள் ஒரு மணித்தியாலம் கழித்து, மடி நிறையப் பற்றரியோடு வந்து சேர்ந்தேன். அவள் போகவில்லை, அதே இடத்தில் இருந்தாள்.

பிறகு தொடங்கியது வேலை. நாலும் பழசு போட்டால் பாடகர் கிணற்றுக்குள் போய்விட்டார். ஒன்றைப் புதிதாக்கினால் மேலே ஏறிவிட்டார். சரியான வேகம் எது என்று கண்டுபிடிக்க வேண்டியது என் காது. அந்த அல்பத்தைச் சீடியில் நூறு தடவை கேட்டிருக்கிறேன். முதல் பாட்டில் கிற்றார் எந்தச் சுருதியில் தொடங்கும், பாடகர் எங்கே மூச்சு இழுப்பார் என்பதெல்லாம் எனக்குத் தூக்கத்திலும் தெரியும். அந்தச் சுருதிக்குப் பாட்டு வந்தால் மாமியும் தன் குரலுக்கு வந்தாக வேண்டும். "இன்னும் கொஞ்சம் பழசு தா" என்பேன், அவள் ஒன்றைத் தருவாள். கேட்பேன். "இல்ல, தொய்யுது" என்பேன். கசெற்றை வெளியே எடுத்துப் பேனையை விட்டு அவள் திரும்பச் சுற்றுவாள். றேடியோவில் சுற்றினால் பற்றரி இன்னும் இறங்கிவிடும் அல்லவா? இவ்வளவு காலமும் என் றொக் ஞானத்தால் ஒரு ஈ காக்கைக்கும் பிரயோசனம் இருந்ததில்லை. அன்று அதை நம்பித்தான் ஒவ்வொரு பற்றரியாய் மாற்றிக்கொண்டிருந்தேன்.

பதினோராவது தடவையோ பன்னிரண்டாவது தடவையோ, முதல் பாட்டின் கிற்றார் சரியாக வந்து உட்கார்ந்தது. கண்ணை மூடிக் கேட்டேன். பாடகர் மூச்சு இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்தார்.

"இதுதான்" என்றேன். "கெதியா. இது கனநேரம் நிக்காது."

நாலாவது பாட்டு வரைக்கும் பேனையால் சுற்றி உள்ளே போட்டோம். பாட்டு ஓடியது. தையல் மெசின் கடகடத்தது, நின்றது.

"ஆரக் கொல்லுறீங்க அங்க ரெண்டு பேரும்? எத்தின தரம் சொல்லுற? நிப்பாட்டிப்போட்டு வாங்களன் புள்ள, சோறு ஆறுது."

மாமிதான். அதே கரகரப்பு, ஏசுவது மாதிரித் தொடங்கிக் கெஞ்சுவது மாதிரி முடிகிற அதே இழுப்பு. அடுத்து வரப்போவது எங்கள் இருவரின் அமத்திய சிரிப்பு, அதற்குப் பிறகு கிற்றார். அன்று மாமி சொல்லி நாங்கள் நிப்பாட்டவில்லை. எந்த நாளும் நிப்பாட்டியதில்லை. அந்தப் பக்கம் முழுக்க ஓடி முடிந்த பிறகுதான் போய் ஆறின சோற்றைச் சாப்பிடுவோம்.

எங்கள் சிரிப்பு வருவதற்கு முன்னே அவள் கையை நீட்டிப் பட்டனை அமத்தினாள்.

"ஓம் அம்மா" என்றாள். "நிப்பாட்டிட்டன்."